ஹேண்டில் ஆட்டுகிறவள்

ஹில்யாவைப் பற்றிக் கேட்டால் வருஷத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் எங்கள் ஊரில் எல்லாரும் ரெய்னோவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். "ரெய்னோ பொண்டாட்டிதானே?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் பல வருஷம் அப்படிச் சொன்னவன்தான், அதை மறைக்கவில்லை. இப்போது சொல்வதில்லை.

பெல்டோ பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். அதே பள்ளிக்கூடத்தின் பேருந்தை நான் இருபத்தொன்பது வருஷம் ஓட்டினேன், ஒரு கீறல் விழாமல். யாரும் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்லிவிடுவேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காபிக்காக உள்ளே நுழைந்தால் ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். பிசைவதற்கு அங்கே இயந்திரம் இருந்தது. இருந்தாலும் கடைசியில் கையை விட்டு ஒரு தடவை பார்த்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி கேக்குது" என்பாள். ஒரு நாளில் அவள் பேசுகிற பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான்.

ரெய்னோ சாலைத்துறைப் பட்டறையில் பனி தள்ளும் லாரிகளைப் பழுது பார்த்தவன். வீட்டுக் கொட்டகையில் வைத்து அவன் செய்த வேலைதான் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பழைய பனிவண்டிகளின் ஸ்டியரிங். எழுபதுகளில் வந்த வண்டிகள், அதற்கும் முந்தியவை. எங்களில் பாதிப்பேர் வீட்டில் அப்படி ஒன்று நிற்கும். முன்னால் பனியில் சறுக்கிப் போக இரண்டு ஸ்கீக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை, நடுவில் காது கிழியக் கத்துகிற ஒரு என்ஜின். "என்ஜினை எவன் வேணா பாப்பான்," என்பான் ரெய்னோ. "என்ஜின் நின்னா நடந்து வீட்டுக்கு வரலாம். ஸ்டியரிங் போனா எங்கடா வருவ?"

அந்தப் பழைய வண்டிகளில் ஸ்டியரிங் லொடலொடக்காவிட்டால்தான் அதிசயம். ஹேண்டிலிலிருந்து ஸ்கீ வரைக்கும் ஏழெட்டு மூட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் அளவு தேய்மானம் என்றால், ஹேண்டிலுக்கு வரும்போது அது கையகல ஆட்டமாகிவிடும். எந்த மூட்டில் ஆட்டம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து ஹேண்டிலைச் சின்னதாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு விரலுக்கடியில் துடிக்கும். நல்ல மூட்டு சும்மா இருக்கும்.

ஆட்டியவள் ஹில்யா. விரல் வைத்தவன் ரெய்னோ. முப்பத்தெட்டு வருஷம். "இது இல்ல... இது இல்ல... ஆங், இதுதான்" என்று அவன் குரல் கீழேயிருந்து வரும். அவள் மேலே உட்கார்ந்து எங்கோ சுவரைப் பார்த்தபடி ஆட்டிக்கொண்டிருப்பாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருப்பாள். வெறுங்கையால்தான் ஆட்டுவாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் பழைய வண்டிகள் எல்லாம் சேர்ந்து உறைந்த ஏரியைக் கடந்து அக்கரைத் தேவாலயத்துக்குப் போகும். அங்கே பட்டாணி சூப்பும் அடுப்பில் வேகவைத்த தடித்த பான்கேக்கும் கிடைக்கும். அதற்கு முந்தின நாள் மதியம் தீயணைப்பு நிலையத்துக் கொட்டகையில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவோம். தீயணைப்பு லாரி அன்று வெளியே குளிரில் நிற்கும். கிரீஸ் உறைந்திருந்தால் தேய்ந்த மூட்டும் நல்லது போலக் கெட்டியாக நடிக்கும் என்பதால் வண்டிகள் உள்ளே இரண்டு மணி நேரம் சூடேற வேண்டும். பிறகு ரெய்னோ பார்த்து "ஆகும்" என்று சொன்னால், ஹில்யா ஒரு சிவப்புக் கம்பளி நூலை ஹேண்டிலில் முடிச்சுப் போடுவாள். நூல் இல்லாத வண்டி பனிக்கட்டியில் இறங்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனாலும் மீறியவன் கிடையாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த வருஷம் ஜனவரியில் என் எழுபத்தொன்றாம் வருஷத்து மஞ்சள் வண்டியை ரெய்னோவிடம் காட்டினேன். பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கு, ஓட்டு" என்றான். பத்தாவது நாள், ஏரிக்கரைப் பாதையில் பட்டப்பகலில் போய்க்கொண்டிருக்கிறேன். வளைவில் ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினேன். வண்டி, சொன்னால் நம்பமாட்டீர்கள், என்னை மதிக்கவே இல்லை. நேராகப் போய் ஒரு பிர்ச் மரத்தில் முட்டியது. எனக்கு நெற்றியில் எட்டுத் தையல். இருபத்தொன்பது வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டியவனுக்கு! மரத்தடியில் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வண்டிக்கடியில் பார்த்தேன். ஸ்கீயைத் திருப்புகிற கம்பி, அதுதான் டை ராடு, இடது பக்கத்தில் அதன் முனை பால் ஜாயிண்ட் என்கிற உருண்டை மூட்டிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே உருண்டை தேய்ந்து சுண்டைக்காய் மாதிரி ஆகியிருந்தது. பத்து நாளில் அப்படித் தேயாது.

மறுநாள் காலை ஹில்யா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ரொட்டி. வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை, நேரே கொட்டகைக்குப் போய் என் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள். பிறகுதான் சமையலறைக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். குல்லாவைக்கூடக் கழற்றவில்லை.

"யார்கிட்டயாவது சொன்னியா, எய்னார்?"

"இன்னும் இல்ல. மூஞ்சி வீங்கிக் கெடக்கு, வாயத் தெறந்தா வலிக்குது."

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த மூட்டு. அன்னைக்கு ஆட்டும்போதே என் கைக்குத் தெரிஞ்சுது. இடது பக்கம், லேசா ஒரு தட்டு. ரெய்னோ ஒண்ணுமில்லேன்னு சொன்னான். அவன் சொன்னா சரியாத்தான இருக்கும்னு நான் பேசாம விட்டுட்டேன்." அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "உன்ன நான்தான் மரத்துல முட்ட வச்சேன்."

ஹில்யா அழுது நான் பார்த்ததில்லை. ரொட்டியை எடுத்து வெட்டினேன். வேறென்ன செய்ய?

பிறகு மிச்சத்தைச் சொன்னாள். ரெய்னோவுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். விரல் மரத்துப் போனது தெரியாது. ஒரு வருஷமாக மறைக்கிறான். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறான். சட்டைப் பொத்தானைக் கண்ணாடி முன் நின்று பார்த்துப் பார்த்துப் போடுகிறான். "போன மாசம் சவுனாவுல ஆவிக்குளியல் முடிச்சு எந்திரிக்கும்போது அடுப்பு மேல கைய ஊனிட்டான். எடுக்கவே இல்ல எய்னார். தோல் கருகுற வாட வந்தப்புறம் நான்தான் இழுத்தேன். என்னைப் பாத்து, 'எதுக்குடி இழுக்குற?'ன்னு கேக்குறான்."

"அப்ப சொல்லிட வேண்டியதுதான? இனிமே நீ விரல் வைக்காத, முடியலன்னு."

"ரெண்டு தடவ பேச்செடுத்தேன். குளிர்ல அப்படித்தான் இருக்கும்னு எந்திரிச்சுப் போயிட்டான். அவங்க அப்பாவ உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அவர் வேலை பார்த்த சுரங்கத்தை மூடியபோது ஐம்பத்தாறு வயது அவருக்கு. நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுத்த வசந்தத்துக்குள் போய்ச் சேர்ந்தார். மனுஷனுக்கு வேறு நோய் எதுவும் இல்லை.

"ரெய்னோவும் அதே ரகம்," என்றாள். "அந்த விரல எடுத்துட்டா அவன் அந்த நாற்காலியில போயி உக்காந்துருவான். எடுக்காம விட்டா அடுத்த மாசம் ஏரியில யாராவது சாவாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"நான் பேசட்டுமா அவன்கிட்ட? சிநேகிதன்ற முறையில?"

"நீ சொன்னா அவன் செத்துருவான். நான் சொன்னா கோவப்படுவான். கோவம் பரவாயில்ல. ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல எனக்கு. நான் என்னைக்குப் பேசினேன்?"

கடைசியில் நாங்கள் இரண்டு கிழங்களும் சேர்ந்து ஒரு முட்டாள்தனமான திட்டம் போட்டோம். மரத்தில் முட்டியதற்கு நான் மான் குறுக்கே வந்தது என்று சொல்லிவிட வேண்டியது. தீயணைப்பு நிலையத்தில் நான் அவள் பக்கத்திலேயே நிற்க வேண்டியது. அவள் கைக்கு ஆட்டம் தெரிந்து ரெய்னோ விரலுக்குத் தெரியாமல் போனால், மடியிலிருக்கும் கையுறையைக் கீழே தட்டிவிடுவாள். உடனே நான் ஏதாவது சாக்குச் சொல்லி அவனைத் திரும்பப் பார்க்க வைக்க வேண்டியது. நெம்புகோலைக் கொடுத்து நெம்பினால் கண்ணாலேயே ஆட்டத்தைப் பார்த்துவிடலாம், அதற்கு விரல் தேவையில்லை.

மான் கதையை நான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக் காபி மேஜையிலேயே என் மானம் கப்பலேறியது. தீயணைப்புத் தலைவன் ஓர்வில் எல்லார் முன்னாலும், "மானுக்கு எத்தன தையல், எய்னார்?" என்று கேட்டான். "பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குக் குறுக்கே வராத மானு உன் மஞ்ச வண்டிய மட்டும் தேடி வந்துச்சா?" என்றாள் அஞ்சலகத்துக்காரி. ரெய்னோவும் சேர்ந்து சிரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு காபியைக் குடித்தேன். ஹில்யா எனக்கு மட்டும் இரண்டு துண்டு ரொட்டி வைத்தாள்.

பிப்ரவரி வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மதியம் இருபத்திரண்டு வண்டிகள். கொட்டகை முழுக்கப் பனி உருகி ஓடுகிற தண்ணீர், பெட்ரோல் நெடி, ஈரச் சாக்ஸ் நாற்றம். ரெய்னோ அட்டையை விரித்துக் கீழே படுத்தான். ஹில்யா முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்து கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். அவள் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நான்.

முதல் ஐந்து வண்டிகள் ஒரு வம்பும் இல்லை. ஆறாவதில் கையுறை விழுந்தது. "ரெய்னோ, அந்த நட்டுப் பக்கம் ஏதோ வெள்ளையா மினுங்குதே, கொஞ்சம் நெம்பிப் பாரேன்," என்றேன். நெம்பினான். ஆட்டம் இருந்தது. புது பால் ஜாயிண்டைப் போட்டான். ஒன்பதாவதில் மறுபடியும் கையுறை. "அது போன வருஷமே சத்தம் போட்ட வண்டியாச்சே, இன்னொரு தடவ பாத்துரு," என்றேன். அதிலும் ஆட்டம். கீழேயிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

"உனக்கென்னடா திடீர்னு கண்ணு இவ்வளவு கூர்மையாயிடுச்சு? மரம் நின்ன எடத்துல மானப் பாத்தவன் நீ."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பதினோராவது வண்டி ஹெய்டியுடையது. முடி வெட்டும் கடை வைத்திருக்கும் பெண். அவள் அப்பா விட்டுப்போன அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. பின்னால் தன் ஏழு வயசு மகளை உட்கார வைத்து முதல் தடவையாக அக்கரைக்குக் கூட்டிப் போகப் போகிறாள். அந்தப் பிள்ளை தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கொட்டகையெல்லாம் முட்டி மோதிக்கொண்டு திரிந்தது.

ஹில்யா ஆட்டினாள். ரெய்னோ ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்து, "இது இல்ல... இதுவும் இல்ல... நல்லாருக்கு. ஆகும்," என்றான்.

கையுறை விழுந்தது.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள், "எய்னார், வாய மூடு," என்றான் ரெய்னோ. மெல்ல எழுந்து உட்கார்ந்தான். தரையில் கிடந்த கையுறையை எடுத்து, தண்ணீரை உதறி, அவள் மடியில் வைத்தான்.

"முப்பத்தெட்டு வருஷத்துல உன் கையிலேர்ந்து ஒரு கரண்டி தவறி விழுந்து நான் பாத்ததில்ல," என்றான். "இன்னைக்கு மூணு தடவ கையுறை விழுது. என்ன விஷயம்?"

ஹில்யா சுவரைப் பார்த்தாள். ஹெய்டியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஆட்டம் இருக்கு, ரெய்னோ," என்றாள்.

"நான் விரல் வச்சுப் பாத்தேன்."

"பாத்த. இருந்தாலும் இருக்கு."

அவன் காது சிவந்தது. "அப்ப எங்கன்னும் நீயே சொல்லிடேன்! மேல உக்காந்துட்டு ஹேண்டில ஆட்டுறவளுக்கு எல்லாம் தெரியும்போல."

இருபது பேர் சுற்றி நின்று பார்க்கிறோம். ஹில்யாவின் கை ஹேண்டிலிலேயே இருந்தது. இன்னொரு தடவை சின்னதாக ஆட்டினாள். "வலது பக்கம்," என்றாள். "டை ராடு இல்ல. அதுக்கும் கீழ, ஸ்கீக் கம்பி மேல மாட்டியிருக்கிற இரும்புக் கை. உள்ள பல்லு தேஞ்சிருக்கு. ரெண்டு மூணு பல்லு இல்லவே இல்ல."

ரெய்னோ ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டைக் கழற்றி அந்த இரும்புக் கையை உருவி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். உள்ளே பல் வரிசையில் ஒரு பக்கம் மொழுமொழுவென்று வழித்துவிட்ட மாதிரி இருந்தது. ஹெய்டி தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ரெய்னோ அந்த இரும்பைத் தரையில் வைத்தான். எழுந்தான். கோட்டுகூட மாட்டாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

ஹில்யா எழுந்திருக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "போ எய்னார்," என்றாள் என்னிடம். "நான் போனா திரும்ப மாட்டான்."

வெளியே தீயணைப்பு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். வலது கையை மணிக்கட்டு வரைக்கும் பனிக்குவியலுக்குள் சொருகி வைத்திருந்தான்.

"ஒண்ணுமே தெரியல," என்றான் என்னைப் பார்க்காமல். "பனியா பஞ்சான்னு தெரியல. ஒரு வருஷமாச்சு."

"கைய எடுடா, இருக்குற விரலும் போயிரும்."

எடுத்தான். நான் அதைப் பிடித்து என் கோட்டுக்குள் சொருகிக்கொண்டேன். ஐஸ்கட்டியாக இருந்தது. இரண்டு கிழவன்கள் அப்படி நிற்பதை யாராவது பார்த்திருந்தால் இன்னும் பத்து வருஷத்துக்குச் சிரிப்பார்கள்.

"எய்னார், மான் எதுவும் வரல, இல்ல?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்து முடியவில்லை. "வரல," என்றேன்.

அவன் கண் நிறைந்துவிட்டது. "உன்ன நான் கொன்னுருப்பேனேடா."

"அடப் போடா. எட்டுத் தையல்ல எவன் செத்தான்?"

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். பிறகு கேட்டான்: "அவளுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"உன் விரலப் பத்தியா?"

"விரல விடு. எந்த மூட்டுன்னு மேல உக்காந்தே சொல்றாளே, அது. அது எப்போலேர்ந்து தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? அவளத்தான் நீ கேக்கணும்."

நான் நினைத்தது இதுதான்: இவன் இப்போது நேரே வீட்டுக்குப் போவான், போய் அந்த நாற்காலியைத் திருப்பிப் போடுவான். வீட்டுப் பக்கம் போகிற பாதையை அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் கோட்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தான்.

உள்ளே நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே எல்லாரும் நின்றார்கள். ஹில்யா அதே இருக்கையில். ரெய்னோ அவள் முன்னால் போய் நின்றான்.

"எத்தன வருஷமா?" என்றான்.

அவள் புரியாத மாதிரி நடிக்கவில்லை. "கல்யாணம் ஆகி மூணாவது குளிர்காலத்துலேர்ந்து," என்றாள். "ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு மாதிரி தட்டும். உள்ளங்கையில தெரியும். நீ கீழேர்ந்து 'இதுதான்'னு சொல்லும்போது சரியா இருக்கும்."

"ஒரு தடவகூட ஏன் சொல்லல?"

"நீதான் சொல்லிட்டு இருந்தியே. சரியாத்தான சொன்ன. நான் எதுக்கு நடுவுல?"

ஓர்வில் மூக்கைச் சிந்தினான். அவ்வளவு பெரிய ஆள், தீயணைப்புத் தலைவன். நானும் என் தையலைத் தடவுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாராவது கேட்டிருந்தால் கண்டபடி திட்டியிருப்பேன்.

ரெய்னோ திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தான். "என் விரல் மரத்துப் போச்சு," என்றான். சத்தமாகத்தான் சொன்னான். "போன வருஷமே போச்சு. எய்னார் முட்டுனது மானால இல்ல, என்னால. இந்த வருஷம் நான் பாத்த வண்டி எதுவா இருந்தாலும் மறுபடி கொண்டாங்க."

"என்னாலயும்தான்," என்றாள் ஹில்யா.

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதான இவ்வளவும் ஆச்சு."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவனை எதிர்த்துப் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. ரெய்னோ குனிந்து அந்தத் தேய்ந்த இரும்பை ஓரமாகத் தள்ளினான். பிறகு அவள் காலடியில் அட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் பெட்டியிலிருந்து பல் நன்றாக இருக்கிற வேறொரு இரும்புக் கையைத் தேடி எடுத்தான். ஸ்பேனரைத் தவறவிட்டான், எடுத்தான், மறுபடி தவறவிட்டான். யாரும் உதவிக்குப் போகவில்லை. ஹில்யா கண்ணாலேயே எங்களை அங்கங்கே நிறுத்தி வைத்திருந்தாள். நட்டைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருகினான். சாதாரணமாகக் கால் மணி நேரம் ஆகிற வேலை. அன்று முக்கால் மணி ஆனது. முடித்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

ஹெய்டிக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த வழக்கம் ஒன்றுதான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்தவனிடமே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரெய்னோ... இப்ப ஆகுமா?"

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னக் கேக்காத," என்றான். "அவளக் கேளு."

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் ஹில்யாவைப் பார்த்தோம். அவள் கழுத்துவரை சிவந்துவிட்டாள். இரண்டு கையையும் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஹேண்டிலைப் பிடித்துச் சின்னதாக ஆட்டினாள். நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறு," என்றாள். "இன்னொரு தடவ பாத்துர்றேன்."

எல்லாரும் பொறுத்தோம்.